பிங் போகிறது, அறிக்கை திறக்கவில்லை

"பிங் போகிறதே, அப்புறம் என்ன?" வலையமைப்பு வேலையில் என் காதில் அதிகம் விழுந்த கேள்வி இதுதான். பிங் என்பது, மறுமுனைக் கணினி பதில் சொல்கிறதா என்று பார்க்க அனுப்பும் சோதனைச் சேதி.

ஒரு கிளை அலுவலகத்தில் உள்நுழைவுப் பக்கம் திறந்தது, கடவுச்சொல்லும் ஏற்கப்பட்டது. மாத அறிக்கையைத் தொட்டால் மட்டும் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. ரவுட்டரை அணைத்துப் போட்டார்கள், கேபிளை மாற்றினார்கள். பயனில்லை.

தலைமை அலுவலக சர்வரிலிருந்து, பாக்கெட்டை, அதாவது தகவல் போகும் பொதியை, வழியில் துண்டாக்கக் கூடாது என்ற குறியுடன் கிளைக்கு பிங் அனுப்பினேன். 1464 பைட்டுக்குப் பதில் வந்தது. 1472-க்குச் சத்தமே இல்லை. பாக்கெட்டின் முன்னால் ஒட்டும் தலைப்புகளின் 28 பைட்டையும் கூட்டினால் முறையே 1492, 1500. கிளையில் இருந்தது பிபிபிஓஇ என்ற வகை இணைய இணைப்பு, அதில் ஒரு பாக்கெட்டின் உச்ச அளவே 1492 பைட்தான். பெரிய பாக்கெட் வந்தால் வழியிலுள்ள ரவுட்டர் அதைக் கைவிட்டு, 'துண்டாக்காமல் இது போகாது, அளவைக் குறை' என்று அனுப்பியவருக்கே சொல்லும். இப்படிப் பிழையையும் நிலவரத்தையும் சொல்லும் நெறிமுறைதான் ஐசிஎம்பி; அதன் சேதிகளுக்கு வகை எண்ணும், அதற்குள் குறியீட்டு எண்ணும் உண்டு. வகை 3, குறியீடு 4 என்பது அந்தச் சேதிதான். இங்கே 'பாதுகாப்புக்காக' பிங்கைத் தவிர ஐசிஎம்பி முழுவதையும், போக்குவரத்தை வடிகட்டும் ஃபயர்வாலில் யாரோ அடைத்திருந்தார்கள். சேதி எட்டாத சர்வர் அதே 1500 பைட்டைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருந்தது.

பிங் என்பது வகை 8 கேள்வியாகப் போய், வகை 0 பதிலாகத் திரும்புவது, அவ்வளவே. ஐசிஎம்பியை வரையறுத்து, இணைய முன்னோடி ஜான் போஸ்டல் 1981-இல் எழுதிய ஆர்எஃப்சி 792 என்ற ஆவணத்தில் பிழைச் சேதிகளும் இருக்கின்றன. பிங் கருவி வந்ததே 1983-இல்தான்.

வகை 3, அதாவது 'சேருமிடத்தை எட்ட முடியவில்லை' என்று கண்டதும் 'இணைப்பு இல்லை' என எழுதிவிடாதீர்கள், குறியீட்டையும் பாருங்கள். குறியீடு 1 என்றால் அந்தக் கணினியையே எட்ட முடியவில்லை. 3 என்றால் கணினி உயிரோடு இருக்கிறது, அந்த யுடிபி போர்ட்டில், அதாவது அந்த எண்ணுள்ள வாசலில்தான், கேட்க எந்த நிரலும் இல்லை. எனக்கு இது பாதி நல்ல செய்தி. 13 வந்தால் யாரோ விதி போட்டுத் தடுத்திருக்கிறார்கள், கேபிளை விட்டுவிட்டு ஃபயர்வால் நிர்வாகியைத் தேடுங்கள். வழியிலுள்ள ரவுட்டர்களை வரிவரியாகக் காட்டும் டிரேஸ்ரூட் கருவி நம்பியிருப்பது வகை 11, குறியீடு 0-ஐ, அதாவது 'பாக்கெட்டின் ஆயுள் வழியிலேயே தீர்ந்தது' என்ற சேதியை. நடுவில் நட்சத்திரக் குறி விழுந்தாலும் அடுத்த வரிகள் வந்தால், அந்த ரவுட்டர் பதில் சொல்லவில்லை என்றுதான் பொருள், பழுது என்று அல்ல.

எல்லாவற்றையும் திறந்துவிடச் சொல்லவில்லை. வெளியிலிருந்து வரும் வகை 5 வழிமாற்றச் சேதியை நான் தயங்காமல் அடைப்பேன். ஆனால் இணைய நெறிமுறையின் புதிய பதிப்பான ஐபிவி6-இல் கூடுதல் கவனம் தேவை: அங்கே ரவுட்டர் துண்டாக்குவதே இல்லை, 'பாக்கெட் பெரிது' என்பதற்கு வகை 2 என்று தனி எண்.

அந்த ஃபயர்வாலில் வகை 3-க்கு ஒரு விதி சேர்த்தேன், அறிக்கை திறந்தது. புதிய கேபிள்தான் சரிசெய்தது என்று கிளையில் இன்னும் நம்புகிறார்கள்.