படிகாரத் தண்ணீரும் கைப்பதமும்

ஆடியில் புதுவெள்ளம் வந்துவிட்டால் எங்கள் ஆய்வகத்தில் யாருக்கும் தூக்கம் கிடையாது. ஆற்றுத் தண்ணீரைச் சுத்திகரித்து ஊருக்கு அனுப்பும் நிலையத்தில் எனக்கு வேதியியலாளர் வேலை. அந்த நாட்களில் குடுவையில் பிடிக்கிற தண்ணீர் டீ நிறத்தில் இருக்கும். ராத்திரி முழுக்க வைத்திருந்தாலும் காலையிலும் டீதான்.

ஒரு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுள்ள களிமண் துகள், அசையாத தண்ணீரில் ஒரு மீட்டர் இறங்கவே சுமார் பத்து நாள் ஆகும். நாலு துகள் ஒட்டிக்கொண்டால் சீக்கிரம் இறங்கிவிடும். ஆனால் எல்லாத் துகளிலும் எதிர்மின்னூட்டம் இருப்பதால் ஒன்றையொன்று தள்ளிவிடும். படிகாரத்தில் உள்ள அலுமினியம் அந்தப் பகையை முறிக்கிறது. (நிலையத்தில் போடும் ஆலம் என்ற அலுமினியம் சல்பேட்டும் கடைப் படிகாரமும் கொஞ்சம் வேறு, வேலை பார்ப்பது இரண்டிலும் அலுமினியம்தான்.) அளவு மிஞ்சினால் மின்னூட்டம் நேர்ப்பக்கம் திரும்பி, தண்ணீர் மறுபடி கலங்கவும் கூடும்.

பகை முறிந்ததும் துகள்கள் உருண்டை பிடிப்பதில்லை. அலைந்து வரும் துகள், திரளில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நுனியில்தான் முதலில் மோதும். மோதிய இடத்திலேயே மாட்டிக்கொள்ளும். இடுக்குக்குள் நுழைய வாய்ப்பு மிகக் குறைவு. அதனால் கிளையில் கிளை விட்டு, முள்செடி மாதிரி வளரும். கணிதவியலாளர் மாண்டல்பிராட் 1975இல் ஃப்ராக்டல் என்று பெயர் வைத்தது இந்த மாதிரி வடிவங்களுக்குத்தான். கெட்டி உருண்டையாக இருந்தால் குறுக்களவு பத்து மடங்காகும்போது களிமண் ஆயிரம் மடங்காக வேண்டும். இதில் ஏறக்குறைய நூறு மடங்குதான். மிச்சம் எல்லாம் தண்ணீர். கண்ணுக்குப் பஞ்சு மாதிரி தெரிகிற அந்தத் திரளை விரலால் தொட்டாலே கலைந்துவிடும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு இது உறைக்கவில்லை. நன்றாகக் கலந்தால் நன்றாகத் தெளியும் என்று தொட்டியைக் கலக்கும் துடுப்பின் வேகத்தைக் கூட்டினேன். அரிசி அளவில் இருந்த பஞ்சு ரவையாக உடைந்து, தெளிவுத் தொட்டியைத் தாண்டி மணல் ஃபில்டருக்கு ஓடியது. வேகத்தைக் குறைத்த பிறகும் பழைய அளவுக்குச் சேரவில்லை. ராத்திரி மூன்று முறை பேக்வாஷ் செய்த (ஃபில்டரில் தண்ணீரைத் தலைகீழாக விட்டுக் கழுவிய) ஆபரேட்டர் அண்ணன், "சார், தயிரை மோராக்கிட்டீங்க" என்றார். அதற்குமேல் ஒரு வார்த்தை திட்டவில்லை.

வீட்டிலும் இதே கதைதான். படிகாரத்தைப் போட்டு ஒரு நிமிடம் வேகமாகக் கலக்குங்கள். அப்புறம் கால்மணி நேரம் கரண்டியால் மெல்ல. அதன்பின் அரைமணி நேரம் குடத்தைத் தொடவே கூடாது. சாய்த்து ஊற்றாமல் மேலாக மொண்டு எடுங்கள்.

எடுத்ததும் குடித்துவிட வேண்டாம். தெளிந்திருக்கிறதே தவிர, கிருமி சாகவில்லை. பஞ்சின் இடுக்கில் ஒளிந்திருக்கும் கிருமியைக் குளோரின் எட்டுவதும் கடினம். குடிநீருக்கான இந்தியத் தரம் (ஐ.எஸ். 10500) கலங்கலை 1 என்டியுவுக்குள் (கலங்கலை அளக்கும் அலகு) வைக்கச் சொல்கிறது, வேறு வழியில்லாவிட்டால் 5 வரை. கண்ணுக்குப் பளிச்சென்று தெரிவதை வைத்து இதைக் கணிக்க முடியாது. மொண்ட தண்ணீரைக் கொதிக்க வையுங்கள். இல்லையென்றால் குளோரின் மாத்திரை போட்டு அரைமணி நேரம் விடுங்கள். கலங்கலிலேயே மாத்திரையைப் போட்டால் குளோரினில் பாதியைச் சேறே தின்றுவிடும்.

அடியில் தங்கிய வண்டலில் பாத்திரம் கழுவுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கிருமி குவிந்திருப்பது அங்கேதான். கிணற்றடியை விட்டுத் தள்ளிக் கொட்டிவிடுங்கள்.