மூலம்: ஒரு சொல்லுக்குள் எத்தனை நோய்

மூலம் என்பது ஆசனவாயின் உள்ளே அல்லது விளிம்பில் இருக்கும் இரத்தக்குழாய்த் திசு வீங்கி, இரத்தம் கசிவதும் வெளியே பிதுங்குவதுமான நோய். எழுத்தில் மூலநோய், மூலவியாதி. ஆங்கில மருந்துப் பெட்டியில் பைல்ஸ் அல்லது ஹெமராய்ட்ஸ். மலாயில் புவாசிர். மலேசியாவின் பத்தாங் பெர்ஜுந்தை (2007க்குப் பிறகு பெஸ்தாரி ஜெயா) போன்ற தோட்டப் பட்டணத்தில் இத்தனை பெயரும் புழங்குகின்றன. ஆனால் வாய்விட்டுச் சொல்ல வேண்டிய இடத்தில் எதுவும் வருவதில்லை. “உடம்பு சூடு”, “பின்னால கொஞ்சம் கோளாறு” என்பதோடு பேச்சு நின்றுவிடும். அந்தக் கூச்சம் ஆளையே கொண்டுபோகக்கூடும் என்பதால்தான் இந்தச் சொல்லைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கிறோம்.

‘மூல’ என்னும் வடசொல்லுக்கு வேர், அடி, தொடக்கம் என்று பொருள். மூலவர், மூலதனம், மூலிகை எல்லாம் அதிலிருந்து வந்தவைதாம். உடம்பின் அடிப்பகுதி மூலாதாரம், அங்கே வரும் நோய் மூலம். ஆக, நோய் வரும் இடத்தைத்தான் பெயர் சொல்கிறது. என்ன நோய் என்று சொல்வதில்லை. பிதுங்கும் சதைக்கென்று தனியாக ‘மூலமுளை’ என்ற சொல் உண்டு. அதில் வரும் முளை தமிழ்ச் சொல்.

மற்ற மொழிகள் வேறு வழியில் போயின. கிரேக்கச் சொல்லான ஹெமராய்ட், ‘இரத்தம்’, ‘ஒழுகுதல்’ ஆகிய இரண்டும் சேர்ந்தது. பைல்ஸ், உருண்டை எனப் பொருள்படும் ‘பிலா’ என்ற இலத்தீன் சொல்லின் வழி வந்தது. புவாசிர், அரபியின் ‘பவாசீர்’ மலாய்க்கு வந்த வடிவம். உருதுவிலும் இந்தியிலும் அதே சொல்தான். ஆயுர்வேதத்தில் இந்நோய்க்கு அர்சஸ் என்று பெயர். கருணைக்கிழங்குக்கு வடமொழியில் ‘அர்சோக்ன’, அதாவது அர்சஸை ஒழிப்பது என்றே பெயருண்டு.

சித்த மருத்துவம் மூலத்தை 21 வகையாகப் பிரிக்கிறது. முளைமூலம், இரத்தமூலம், வறள்மூலம், சீழ்மூலம், பவுத்திரமூலம் என்று பட்டியல் நீளும். ஆசனவாயைச் சுற்றி வரும் சீழ், புரை, வெடிப்பு எல்லாமே அந்தக் குடைக்குள் அடக்கம். இன்றும் நம் பேச்சில் ‘மூலம்’ அந்த அகலத்தோடுதான் ஓடுகிறது. இன்றைய மருத்துவத்தில் அவை வெவ்வேறு நோய்கள், சிகிச்சையும் வேறு. ஹெமராய்டுக்கு நேர்த் தமிழ் மூலம் அல்லது மூலநோய். மற்றவற்றுக்கு வேறு பெயர்கள் வேண்டும், அவை தமிழில் இருக்கவும் செய்கின்றன.

மலம் கழிக்கும்போது கத்தி கீறுவதுபோல் வலி, அது முடிந்தபின்னும் ஒரு மணி நேரம் எரிச்சல், துடைத்தால் கொஞ்சம் இரத்தம் என்றால் அது ஆசனவாய் வெடிப்பு, பிஷர். ஆசனவாய்க்குப் பக்கத்தில் சிறு துளை, அதில் விட்டுவிட்டுச் சீழ் என்றால் பவுத்திரம், பிஸ்துலா. பவுத்திரம் களிம்பால் ஆறாது. அறுவையோ, ஆயுர்வேத முறையில் காரநூல் (காரமருந்து பூசிய நூல்) கட்டுவதோ வேண்டும். காய்ச்சலோடு சிவந்து தெறிக்கும் கட்டி சீழ்க்கட்டி, அதை அன்றே கீறிச் சீழை வெளியேற்ற வேண்டும். சாதாரண உள்மூலத்தில் பெரும்பாலும் வலியே இருக்காது. வலியோடு வருகிறவர் ‘மூலக் களிம்பு’ கேட்டு வாங்கிப் பூசிக்கொண்டிருந்தால் பல நேரம் நோய் ஒன்று, மருந்து வேறொன்று.

மூலத்துக்குக் காரணமான திசு எல்லாருக்கும் பிறவியிலேயே உண்டு. குழாய் வாயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் வாஷர்போல, ஆசனவாய்க் கால்வாயில் மூன்று இரத்தக்குழாய் மெத்தைகள் இருக்கின்றன. மல்லாந்து படுத்தவரைக் கடிகார முகமாக வைத்துப் பார்த்தால் 3, 7, 11 மணி இடங்கள். தாம்சன் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1975இல் இதை விளக்கிய பிறகே, மூலம் என்பது வெறும் புடைத்த இரத்தக்குழாய் அல்ல, பிடிப்புத் தளர்ந்து கீழே சரிந்த மெத்தை என்பது நிலைபெற்றது. கால்வாயின் நடுவே பல்விளிம்புக் கோடு ஒன்று உண்டு. அதற்கு மேலே வலி உணரும் நரம்பு இல்லை, கீழே நிறைய உண்டு. மேலே வருவது உள்மூலம், கீழே வருவது வெளிமூலம். வெளிமூலத்தில் இரத்தம் உறைந்தால் ஒரே நாளில் நீலநிறக் கட்டி எழும்பி, உட்கார முடியாமல் வலிக்கும். 72 மணி நேரத்துக்குள் போனால் மருத்துவர் சிறு அறுவையில் எடுத்துவிடலாம். அதற்குமேல் தாமதித்தால் தானே வற்றட்டும் என்று விடுவதே வழக்கம்.

உள்மூலத்துக்கு நான்கு நிலை. முதல் நிலையில் இரத்தம் மட்டும், எதுவும் வெளியே வராது. இரண்டாவதில் முக்கும்போது வெளியே வந்து தானாக உள்ளே போகும். மூன்றாவதில் விரலால் தள்ள வேண்டும். நான்காவதில் தள்ளினாலும் போகாது.

ஏன் வருகிறது? காலையில் வயிற்றுக்குள் ஏதாவது போனதும் பெருங்குடல் தானே அசையத் தொடங்கும். மலம் கழிக்க அதுதான் நல்ல நேரம். கோப்பியைக் குடித்ததும் பெரட்டுக்கு (தோட்டத்தில் காலை ஆள்கணக்கு எடுக்கும் இடம்) ஓடுகிறவர் அந்த உந்துதலை அடக்குகிறார். செம்பனைக் காட்டுக்குள் கழிவறை கிடையாது, மத்தியானம் வரை அடக்கம்தான். அடக்கிய மலத்திலிருந்து குடல் நீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். வெயிலில் வியர்த்துத் தண்ணீரும் குறைவாகக் குடித்தால் மலம் கல்லாகிவிடும். அப்புறம் முக்கல். 10 முதல் 25 கிலோ எடையுள்ள குலையை மூச்சடக்கித் தூக்கும்போதும் அதே அழுத்தம் கீழே இறங்குகிறது. கர்ப்பம், நாள்பட்ட இருமல், கோடின் கலந்த இருமல் மருந்து, இரும்புச்சத்து மாத்திரை ஆகியவையும் சேர்ந்துகொள்ளும். சம்பல் மூலத்தை உண்டாக்காது, ஏற்கெனவே வெடிப்பு இருந்தால் எரியவைக்கும். சூடு என்று இளநீரும் மோரும் குடிப்பதில் கெடுதல் இல்லை, ஆனால் நார் இல்லாத சாப்பாட்டை அவை ஈடுகட்டா.

நாளுக்கு 25 முதல் 30 கிராம் நார் தேவை. ஒரு கப் வெள்ளைச் சோற்றில் 1 கிராம்கூட இல்லை. ரொட்டி சானாய் வெறும் மைதா. கச்சாங் பூத்தே கடையில் கிடைக்கும் அவித்த கொண்டைக்கடலை அரை கப்பில் சுமார் 6 கிராம், கொய்யா 100 கிராமில் சுமார் 5 கிராம். போதாவிட்டால் இசப்கோல் உமி ஒரு தேக்கரண்டியை ஒரு குவளை நீரில் கலக்கி உடனே குடித்து, மேலே இன்னொரு குவளை நீர் குடிக்க வேண்டும். நீர் குறைந்தால் உமி உள்ளே ஊதி அடைத்துக்கொள்ளும். நாரை ஒரேயடியாகக் கூட்டினால் வயிறு உப்பும், இரண்டு வாரத்தில் மெல்லக் கூட்டுங்கள். வெயிலில் வேலை செய்கிறவருக்கு 2 லிட்டர் தண்ணீர்கூடப் பற்றாது. சிறுநீரகம், இதயக் கோளாறு உள்ளவர்கள் அளவை மருத்துவரிடம் கேட்க வேண்டும். கழிவறையில் 5 நிமிடத்துக்குமேல் உட்கார வேண்டாம். குந்தும் கழிவறை கெட்டதல்ல. கைப்பேசியோடு அதில் அரைமணி நேரம் இருப்பதுதான் கெட்டது.

வலிக்கும் வீக்கத்துக்கும் இடுப்புக் குளியல் நல்லது. அகலமான பேசினில் வெதுவெதுப்பான நீர், 10 முதல் 15 நிமிடம், நாளுக்கு இரண்டு மூன்று தடவை. கிருமிநாசினி கலக்கக் கூடாது, தோல் புண்ணாகும். ஸ்டீராய்டு கலந்த களிம்பை மருத்துவர் சொல்லாமல் ஒரு வாரத்துக்குமேல் பூசினால் தோல் மெலிந்துவிடும்.

இவற்றுக்கு அடங்காத முதல் மூன்று நிலைகளுக்கு ரப்பர் வளையம் போடுவார்கள். 1963இல் பாரன் என்ற அமெரிக்க மருத்துவர் பரவலாக்கிய முறை இது. தமிழில் வளையக்கட்டு என்றால் பொருந்தும். மெத்தையின் அடியில், பல்விளிம்புக் கோட்டுக்கு மேலே, சின்ன வளையத்தை மாட்டுவார்கள். இரத்த ஓட்டம் நின்று திசு வாடி, 5 முதல் 10 நாளில் மலத்தோடு விழும். அப்போது கொஞ்சம் இரத்தம் வரலாம். வளையம் கோட்டுக்குக் கீழே விழுந்திருந்தால் அந்த நிமிடமே கடுமையாக வலிக்கும், எழுந்து போகாமல் சொல்லிவிட வேண்டும். ஆஸ்பிரின், வார்ஃபரின் போன்ற, இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து சாப்பிடுகிறவர்களும், ரப்பர் கையுறை பட்டால் அரிப்பு வருகிறவர்களும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். வீட்டுக்கு வந்தபின் காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வலி, சிறுநீர் வராமை என்றால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பெரிய மூன்றாம் நிலைக்கும் நான்காம் நிலைக்கும் அறுவைதான் வழி, வலி ஆற சில வாரங்கள் ஆகும்.

‘மூலம்’ என்ற சொல்லால் மிகப் பெரிய ஆபத்து இரத்தத்தில்தான். மூல இரத்தம் பளிச்சென்ற சிவப்பு, மலத்தின் மேலாகவோ சொட்டாகவோ வரும். மலத்தோடு கலந்து, கருஞ்சிவப்பாக, சளியோடு வந்தால், கழிக்கும் வழக்கம் பல வாரமாக மாறியிருந்தால், எடை குறைந்தால், சோகை வந்தால் அது பெருங்குடல் புற்றுநோயாக இருக்கலாம். மலேசியாவில் அதிகம் காணும் புற்றுநோய்களில் இது முன்வரிசையில் உள்ளது. தார்போல் கறுத்த மலம் இரைப்பைக் கசிவின் அடையாளம், இரும்பு மாத்திரையாலும் கறுக்கும்.

அரசு கிளினிக் கெசிஹாத்தானில் (சுகாதார நிலையத்தில்) 50 முதல் 75 வயது வரை உள்ளவர்களுக்கு மலத்தில் மறைந்த இரத்தம் பார்க்கும் சோதனை உண்டு. அது அறிகுறி எதுவும் இல்லாதவர்களுக்கு. கண்ணால் இரத்தம் பார்த்தவர் சோதனைக் குப்பியோடு நிற்காமல் மருத்துவரையே பார்க்க வேண்டும், கொலோனோஸ்கோப்பி (கேமரா குழாயால் பெருங்குடலைப் பார்க்கும் சோதனை) தேவையா என்று கேட்க வேண்டும். மலாயில் சொல்ல நேர்ந்தால் ‘புவாசிர்’ என்று நீங்களே பெயர் வைத்துவிடாமல் ‘புவாங் ஆயெர் பெசார் பெர்டாரா’ (மலம் கழிக்கும்போது இரத்தம்) என்று ஆரம்பியுங்கள். எத்தனை வாரமாக, என்ன நிறம், வலி உண்டா, ஏதாவது வெளியே வருகிறதா, வந்தால் தானாகப் போகிறதா, வீட்டில் யாருக்காவது குடல் புற்றுநோய் இருந்ததா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.