அழுத்தினால் நசுங்கும், இழுத்தால் இறங்கும்

திருநெல்வேலியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். "புதுக் கத்தி வாங்கினேன். தக்காளி மேல் வைத்தாலே இறங்கியது. ஆறு மாதம் கழித்து அதே கத்தி தோலிலேயே நின்றுவிடுகிறது. அழுத்தினால் சாறு பீய்ச்சி அடிக்கிறது. ஆனால் முன்னும் பின்னும் இழுத்தால் மட்டும் எப்படியோ வெட்டிவிடுகிறது. அதே கத்தி, அதே கை. இழுப்பதில் அப்படி என்ன இருக்கிறது?"

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. நல்ல கத்தியோ, செடியின் கிளை நறுக்கும் நல்ல கவாத்துக் கத்தரியோ கையில் இருக்கும்போது வருகிற சுகத்தின் பாதி அந்த 'இழுப்பதில்'தான் இருக்கிறது.

பள்ளியில் படித்த பகுதியை முதலில் முடித்துவிடுவோம். விசையைப் பரப்பால் வகுத்தால் அழுத்தம். நல்ல கத்தியின் விளிம்பை நுண்ணோக்கியில் பார்த்தால் அகலம் ஏறத்தாழ 1 மைக்ரான் இருக்கும். நம் தலைமுடியின் தடிமனே 50 முதல் 100 மைக்ரான். கத்தியில் 5 சென்டிமீட்டர் நீளம் காய்மேல் படுகிறது, கை ஒரு கிலோ எடைக்குச் சமமாக அழுத்துகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விளிம்புக்குக் கீழே உண்டாகும் அழுத்தம் காற்று மண்டல அழுத்தத்தைப் போல சுமார் 2000 மடங்கு. அதே விளிம்பு மழுங்கி 10 மைக்ரான் அகலமாகிவிட்டால் 200 மடங்குதான். காய் வெட்டுப்பட வேண்டுமென்றால் மீதியைக் கைதான் கொடுத்தாக வேண்டும்.

சரி, கூர்மைக்கு இது போதும். ஆனால் கத்தியை இழுத்தால் பரப்பும் மாறவில்லை, விளிம்பின் அகலமும் மாறவில்லை. பிறகு எது மாறியது?

காயைப் பிளப்பது என்றால் புதிதாக இரண்டு பரப்புகளை உண்டாக்குவது. ஒரு சதுர சென்டிமீட்டரைப் பிரிக்க இவ்வளவு ஆற்றல் வேண்டும் என்று ஒவ்வொரு காயும் ஒரு விலை வைத்திருக்கிறது. கேரட்டுக்கு ஒரு விலை, வெள்ளரிக்கு ஒரு விலை. அதில் பேரம் கிடையாது. ஆனால் அந்த விலையை மொத்தமாகக் கொடுப்பதா, தவணையில் கொடுப்பதா என்பது நம் கையில் இருக்கிறது.

கத்தி நேராக 1 சென்டிமீட்டர் கீழே இறங்குகிறது என்றால், முழு ஆற்றலையும் அந்த 1 சென்டிமீட்டருக்குள் கொடுத்து முடிக்க வேண்டும். இப்போது அதே 1 சென்டிமீட்டர் இறங்குவதற்குள் கத்தியை 3 சென்டிமீட்டர் இழுங்கள். விளிம்பு உண்மையில் போன பாதை ஒரு சாய்கோடு. பிதாகரஸ் கணக்குப்படி அதன் நீளம் 3.16 சென்டிமீட்டர். கொடுக்க வேண்டிய ஆற்றல் அதேதான், தூரம் மட்டும் 3.16 மடங்கு. விசையைத் தூரத்தால் பெருக்கினால்தானே ஆற்றல்? எனவே தேவைப்படும் விசை 3.16இல் ஒரு பங்காகக் குறைகிறது. கொல்லிமலை உச்சிக்கு நேராக ஏறினால் எந்தப் பேருந்தும் திணறும். 70 கொண்டை ஊசி வளைவுகளில் சுற்றிச் சுற்றி ஏறும்போது அதே பேருந்து சுமையோடு போய்ச் சேர்ந்துவிடுகிறது.

இன்னொரு குறைப்பும் இருக்கிறது. எனக்கு இதுதான் ரொம்பப் பிடித்த இடம். அந்தக் குறைந்த விசையும் முழுதாகக் கீழ்நோக்கி இல்லை. விரலில் இறுகிப்போன மோதிரத்தை நேராக இழுத்தால் வராது, திருகிக்கொண்டே இழுத்தால் வரும் இல்லையா? தடை எப்போதும் நாம் நகரும் திசைக்கு எதிராகத்தான் நிற்கும். திருகும்போது பெரும்பாலான நகர்வு சுற்றுவாக்கில் போகிறது. தடையும் அங்கே போய் நின்றுகொள்கிறது, வெளியே இழுக்கும் திசையில் எதிர்க்க ஆள் குறைந்துவிடுகிறது. கத்தியிலும் இதே கதை. சாய்ந்த பாதையில் செலவாகும் விசையில் கீழ்நோக்கிய பங்கு மறுபடியும் 3.16இல் ஒன்றுதான். 3.16ஐ 3.16ஆல் பெருக்குங்கள், கிட்டத்தட்ட 10. அதாவது, இறங்கும் தூரத்தைப் போல மூன்று மடங்கு இழுத்தால், காயை அமுக்கும் விசை பத்தில் ஒரு பங்கு ஆகிவிடுகிறது! வெறும் கை அசைவில், கத்தியைத் தீட்டாமலேயே.

உராய்வைச் சேர்த்தால் எண் கொஞ்சம் மாறும். ஆனாலும் இது காகிதக் கணக்கு மட்டும் அல்ல. இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தில் டோனி ஆட்கின்ஸ் குழுவினர் செடார் பாலாடைக்கட்டியையும் சலாமி இறைச்சியையும் வெட்டி, விசையை அளந்து, 2004இல் இதை வெளியிட்டார்கள்.

இப்போது தக்காளிக்கு வருவோம். உள்ளே கூழ், வெளியே இறுக்கமான தோல். மேலிருந்து அழுத்தினால் தோல் குழிந்து கொடுக்கிறது, விசை அந்தக் குழி முழுவதும் பரவிவிடுகிறது. உள்ளே இருக்கும் சாறு வேறு வழி தேடுகிறது. இழுக்கும்போது அமுக்கும் விசை குறைவு, தோல் அவ்வளவாகக் குழிவதில்லை. விளிம்பில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத பற்கள் தோலைப் பக்கவாட்டில் பற்றி, ஒரு சிறு இடத்தில் மட்டும் இழுத்துக் கிழிக்கின்றன. கிழிசல் ஒன்று தொடங்கிவிட்டால் போதும், மீதியைக் கத்தி பார்த்துக்கொள்ளும். காகிதம் விரலை அறுப்பதும் இப்படித்தான். தாளின் ஓரத்தில் விரலை வைத்து அழுத்தினால் ஒன்றும் ஆகாது, ஓரத்தோடு வழுக்கினால் ரத்தம் வரும். டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 2024இல் இதையும் ஆராய்ந்தார்கள். 65 மைக்ரான் தடிமன் உள்ள தாள்தான் மிக ஆபத்தானது என்று தெரிந்தது. அதைவிட மெல்லியது மடங்கிவிடுகிறது, தடித்தது மழுங்கின கத்திபோல விசையைப் பரப்பிவிடுகிறது.

தமிழில் இதற்கு எத்தனை வினைச்சொற்கள் இருக்கின்றன, பாருங்கள். விறகை வெட்டுகிறோம், கறியைக் கொத்துகிறோம், கதிரை அறுக்கிறோம், கீரையை அரிகிறோம், இளநீரைச் சீவுகிறோம். 'வெட்டு' என்றால் கருவி மேலிருந்து விழுகிறது. 'அறு', 'அரி' என்றால் இழுவை உள்ளே வந்துவிட்டது. கருவியின் பெயரையும் 'அரி'யில் தொடங்கி அரிவாள் என்றே வைத்தார்கள்.

என் அப்பத்தாவின் அரிவாள்மணை இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. ஒரு காலை மடக்கிப் பலகையை மிதித்துக்கொண்டு, முருங்கைக்காயோ கீரைக்கட்டோ எதுவாக இருந்தாலும் இரண்டு கையாலும் பிடித்து முன்னால் தள்ளுவார். கத்தி நிற்கும், காய் நகரும். அந்த அலகு வளைந்திருப்பதைச் சின்ன வயதில் அழகுக்கு என்று நினைத்திருந்தேன். நேராகத் தள்ளினாலும், வளைவில் பட்ட காய் சரிவில் வழுக்கிக்கொண்டேதான் போக முடியும். தள்ளுவது அப்பத்தாவின் வேலை, இழுப்பது வளைவின் வேலை. கீரைத் தண்டு ஒரு இடத்தில் தொட்டு, இரண்டு விரல்கடை கீழே போய்த்தான் பிரியும். 'சரக் சரக்' என்ற அந்தச் சத்தமே வழுக்கலின் சத்தம். கதிர் அரிவாளின் வளைவும் இதற்குத்தான். போபாலில் உள்ள மத்திய வேளாண் பொறியியல் நிறுவனம் 'நவீன்' என்ற பெயரில் ஒரு கதிர் அரிவாளை வடிவமைத்தது. பற்கள், வளைவு, கைப்பிடி எல்லாவற்றையும் குனிந்து நாள் முழுக்க அறுப்பவர்களின் கையை நினைத்துச் செய்தார்கள். இந்த மாதிரி வேலைக்கு நம் நாட்டில் இன்னும் எவ்வளவோ பணம் ஒதுக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

"கத்தரிக்கோலுக்கும் வெங்காயத்துக்கும் ஆராய்ச்சியா?" என்று கேட்பவர்கள் உண்டு. வெங்காயத்தையே எடுத்துக்கொள்வோம். கண்ணை எரிக்கும் பொருளை உருவாக்கும் நொதி எது என்பதையே ஜப்பானில் 2002இல்தான் கண்டுபிடித்தார்கள். 2025இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் அதிவேகக் கேமரா வைத்து வெங்காயம் வெட்டிப் பார்த்தார்கள். மழுங்கிய கத்தி வெங்காயத் தோலை உள்ளே வளைக்கிறது, அடுக்குக்குள் அழுத்தம் ஏறுகிறது, தோல் கிழிந்ததும் சாறு நுண்துளிகளாகத் தெறித்து முகம்வரை வருகிறது. கூரான கத்தியால் நிதானமாக அரிந்தால் துளிகள் குறைவு, வேகமும் குறைவு. தக்காளியில் பார்த்த அதே நாடகம்தான். வெங்காயத்தைத் தலையில் வைத்துக்கொண்டு நறுக்கினால் கண்ணீர் வராது என்பவர்கள் கத்தியைத் தீட்டிப் பார்க்கலாம்.

அப்புறம், இரும்புக் கத்தி மெத்தென்ற காயை வெட்டி எப்படி மழுங்குகிறது? சவர அலகைவிட 50 மடங்கு மென்மையான முடி அந்த எஃகை எப்படிச் சேதப்படுத்துகிறது என்று அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஆராய்ந்து 2020இல் வெளியிட்டார்கள். முடி அலகைத் தேய்ப்பதில்லை. சாய்ந்த கோணத்தில் வளைந்த முடி, விளிம்பில் எஃகின் அமைப்பு சீராக இல்லாத இடமாகப் பார்த்துச் சின்னச் சில்லு பெயர்க்கிறது. சமையல் கத்திக்கு இதைவிடப் பெரிய எதிரி நாம் வைத்து வெட்டும் இடம். கிரானைட் மேடையிலும் எவர்சில்வர் தட்டிலும் நறுக்கினால் விளிம்பு ஒரு பக்கமாக மடிந்துவிடும். மரப்பலகை போதும். தீட்டுவதையும் நிதானமாகச் செய்ய வேண்டும். ஒரு முறை என் நல்ல கத்தி ஒன்றை அதிவேகச் சக்கரத்தில் காட்டி வாங்கி வந்தேன். பொறி பறந்தது, விளிம்போரம் நீலம் பாரித்திருந்தது. எஃகில் அந்த நீலம் ஏறினால் அங்கே சூடு 300 டிகிரியைத் தொட்டுவிட்டது என்று பொருள். காய்ச்சித் தோய்த்து எஃகுக்கு ஏற்றியிருந்த கடினம் இறங்கி இரும்பு மிருதுவாகிவிடும். பத்தே நாளில் தக்காளியில் நின்றது. அதன் பிறகு தண்ணீர் விட்டுச் சாணைக்கல்லில் நானேதான் தீட்டுகிறேன், பக்கத்துக்கு 15 முதல் 20 டிகிரி சாய்வில்.

தோட்டத்தில் இந்த அக்கறை இன்னும் முக்கியம். காய்க்கு நாளை இல்லை, செடிக்கு உண்டு. கவாத்துக் கத்தரியில் இரண்டு வகை. ஒன்றில் அலகு ஒரு தட்டையான மேடையில் போய் உட்காரும், மற்றதில் வளைந்த அலகு கொக்கியை உரசிக்கொண்டு கடந்து போகும். பச்சைத் தண்டுக்கு இரண்டாவதுதான் சரி, ஏனென்றால் அந்த வளைவு அரிவாள்மணையின் வளைவு. கைப்பிடியை நெருக்கும்போது அலகு தண்டில் வழுக்கிக்கொண்டே நுழைகிறது. போன வருடம் மழுங்கிய கத்தரியால் ரோஜாவைக் கவாத்து செய்தேன். வெட்டிய இடம் நார் நாராகப் பிய்ந்து, பட்டை நசுங்கி, ஒரு விரல் நீளம் கறுத்துக் காய்ந்துபோனது. புதுத் திசு வளர்வது பட்டைக்கு அடியில் இருக்கும் மெல்லிய வளர்படலத்தில்தான். அதை நசுக்கிவிட்டால் காயம் மூட வழியில்லை. இந்த வருடம் தீட்டிய கத்தரியால் அதே செடியில் வெட்டினேன். வெட்டுவாய் ஈரமாக, பளபளவென்று, நடுவில் வெள்ளைச் சோறும் சுற்றிப் பச்சை வளையமும் தெரிகிற மாதிரி இருந்தது. அதற்குக் கீழே இருந்த கணு பழுதில்லாமல் துளிர்த்தது.

கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும், கீழே வைத்து எடுத்துக்கொள்ளச் சொல் என்பார்கள். பழக்கம் நல்லது, காரணம் பொய். பிள்ளைகளிடம் உண்மைக் காரணத்தையே சொல்லலாம். பொய்க் காரணம் ஒரு நாள் பொய்த்ததும் பழக்கத்தையும் சேர்த்து விட்டுவிடுவார்கள்.

திருநெல்வேலி வாசகிக்கு ஒரு சோதனை. மாவு நிறுக்கும் சின்ன மின்னணுத் தராசின் மேல் பலகையை வையுங்கள், தக்காளியை வையுங்கள், எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். முதலில் கத்தியை நேராக அழுத்தி, தோல் கிழிகிற நேரத்தில் எண் எவ்வளவு என்று பாருங்கள். அடுத்த தக்காளியை வைத்து மறுபடி பூஜ்யமாக்கி, கத்தியின் அடியிலிருந்து நுனிவரை முழு நீளத்துக்கும் இழுங்கள், அழுத்தவே வேண்டாம். தராசில் ஓடும் எண்ணையும், பலகையில் சாறு இருக்கிறதா என்பதையும் குறித்து எனக்கு எழுதுங்கள்.