ஐந்தடி

சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்தில் திடீரென மழை பிடித்துக்கொண்டால் குடையில்லாதவர்கள் ஒதுங்குமிடம், கீழே கடையும் மேலே வீடுமாக அமைந்த கடைவீடுகளின் ‘அஞ்சடி’. எழுத்து வழக்கில் ஐந்தடி. மேல்மாடி முன்னால் நீண்டு தூண்கள்மேல் நிற்க, அதன்கீழ் கடைக்குக் கடை தொடரும் நடைவழி இது.

பெயரில் உள்ள ஐந்து அடி, அதாவது ஏறக்குறைய 1.5 மீட்டர், அகலத்தைக் குறிக்கும். ஆனால் அது குறைந்த அளவுதான். இதைவிட அகலமான ஐந்தடிகள் ஏராளம். சிங்கப்பூரில் பிரிட்டிஷ் குடியேற்றத்தை நிறுவிய ராஃபிள்ஸ், 1822 நவம்பரில் நகரக் குழுவுக்கு அனுப்பிய கட்டளையிலும் ஐந்து என்ற எண் இல்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் குறிப்பிட்ட ஆழத்தில் ஒரு தாழ்வாரம் வேண்டும், அது எந்நேரமும் திறந்திருந்து, தெருவின் இருபுறமும் தொடர்ந்து செல்லும் கூரையுள்ள வழியாக அமைய வேண்டும் என்பதே அதன் சாரம். அளவு பின்னால் வந்து பெயராக ஒட்டிக்கொண்டது.

மலாயில் இது ‘காக்கி லீமா’. காக்கி என்றால் கால், அடி என்ற அளவும் அதுவே, லீமா, ஐந்து. ஹொக்கியன் என்ற சீன வட்டார மொழி பேசுவோர் ‘கோ கா கி’ என்பார்கள். அதிலுள்ள ‘கா’வும் உடம்பின் காலைக் குறிக்கும் சொல்தான், அளவுச்சொல் அன்று. தமிழுக்கு இங்கே சிரமமே இல்லை. பாதத்துக்கும் அளவுக்கும் நம்மிடம் ‘அடி’ என்ற ஒரே சொல். இந்தோனேசியாவில் மட்டும் ‘காக்கி லீமா’ என்றால் தெருவோர வியாபாரி நினைவுக்கு வருவார்.

சிலர் இதைத் திண்ணை என்று மொழிபெயர்க்கிறார்கள். பொருந்தாது. திண்ணை, உட்காருவதற்காக உயர்த்திக் கட்டிய மேடை. அங்கே யார் உட்காரலாம் என்பது வீட்டுக்காரர் விருப்பம். ஐந்தடியின் நிலம் கட்டட உரிமையாளருடையதாக இருக்கலாம், நடக்கும் உரிமையோ எல்லாருக்கும் உண்டு. இந்த இரட்டை நிலைதான் ஓயாத தகராறுக்கும் காரணம். கடைக்காரர் சரக்கை வெளியே அடுக்குவார், நடப்பவர் சாலையில் இறங்குவார். அடைப்புகளை அகற்ற நகராட்சி முனைந்தபோது, 1888 பிப்ரவரியில் சிங்கப்பூரில் கலவரமே மூண்டது.

தாழ்வாரம் நெருங்கிய சொல். கூரை தாழ்ந்து இறங்கும் இடம் என்பது சரி, ஆனால் வீட்டுக்கு வீடு தொடரும் பொதுவழி என்ற பொருள் அதில் இல்லை. நடைபாதை என்றால் கூரை விடுபட்டுவிடும். ஐந்தடிப்பாதை என்று எழுதினால் ஒற்றையடிப்பாதையின் உறவுபோல் ஒலிக்கும். ஒற்றையடிப்பாதையில் அடி என்பது அளவல்ல, கால் வைக்கும் இடம்.

இத்தாலியின் பொலோனாவிலும் இதே ஏற்பாடு உண்டு. புதிய வீடுகளுக்குத் தூண்வரிசை நடைவழி கட்டாயம் என்று அந்நகரம் 1288இலேயே விதித்தது. அதையும் ஐந்தடி என்று எழுதிவிடக் கூடாது. ‘தூண்வரிசை நடைவழி’ போதும்.

பொது எழுத்துக்கு ‘ஐந்தடி நடைவழி’ பொருத்தம். முதல் முறை வரும்போது ‘கடைவீட்டு’ என்று முன்னால் சேர்த்தால் வெளியூர் வாசகருக்கும் விளங்கும். கட்டட வரைபடத்தில் ‘5 அடி நடைவழி’ என எண்ணால் எழுதக் கூடாது. படிப்பவர் அதை அகலக் குறிப்பாகவே எடுத்துக்கொள்வார். பெயரை எழுத்தால் எழுதி, அளந்த அகலத்தை மீட்டரில் தனியாகக் குறிக்க வேண்டும். பக்கத்துக் கடையோடு தரைமட்டம் வேறுபட்டால் அந்தப் படியின் உயரத்தையும் சேர்த்து எழுதுங்கள். சக்கர நாற்காலி தடைப்படுவது பெரும்பாலும் அங்கேதான்.