இது கலெக்டர் கோர்ஸ் இல்லை

போன வாரம் ஓர் அம்மா மகனைக் கூட்டிக்கொண்டு எங்கள் துறைக்கு வந்தார். பையன் வேறொரு கல்லூரியில் பி.ஏ. பொது நிர்வாகம் முடித்திருக்கிறான், முதல் வகுப்பு. "இதைப் படிச்சா ஐ.ஏ.எஸ்.ஸுக்கு முதல் பரீட்சை எழுத வேண்டாம், நேரா மெயின்ஸ் போயிரலாம்னு சேர்க்கும்போது சொன்னாங்க சார். அதுக்கு எங்க அப்ளை பண்ணணும்?" என்று கேட்டார். பையன் தலையே நிமிரவில்லை. அவனுக்கு இரண்டாம் ஆண்டிலேயே விஷயம் தெரிந்துவிட்டது. நகையை அடகு வைத்துப் பணம் கட்டிய அம்மாவிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை. இந்த வருடத்தில் இப்படி வந்த நான்காவது குடும்பம் இது.

பொது நிர்வாகம் படித்தால் ஐ.ஏ.எஸ். ஆகலாமா? ஆகலாம். தாவரவியல் படித்தாலும் ஆகலாம். ஐ.ஏ.எஸ். தேர்வை நடத்தும் யூ.பி.எஸ்.சி. கேட்பது அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகத்தின் ஏதாவது ஒரு பட்டம், அவ்வளவுதான். எந்தப் பட்டத்துக்கும் முதல்நிலைத் தேர்விலிருந்து விலக்கு கிடையாது, சலுகை மதிப்பெண் கிடையாது. மெயின்ஸில், அதாவது முதன்மைத் தேர்வில், பொது நிர்வாகம் ஒரு விருப்பப் பாடம், உண்மை. ஆனால் அதை பொறியியல் படித்தவரும் எடுக்கலாம், டாக்டரும் எடுக்கலாம். மெயின்ஸும் நேர்முகத் தேர்வும் சேர்ந்து 2025 மதிப்பெண். அதில் விருப்பப் பாடத்துக்கு 500. மிச்சம் 1525-க்கு எந்தப் பட்டதாரியும் முதலிலிருந்துதான் படித்தாக வேண்டும். 2013-க்கு முன்பு இரண்டு விருப்பப் பாடங்கள் இருந்தன, அப்போது பொது நிர்வாகத்துக்கு நல்ல மவுசு. அந்தக் காலத்துப் பேச்சை வைத்துத்தான் இன்னும் சேர்க்கை நடத்துகிறார்கள்.

"கணக்கு வராது சார், அதனாலதான் இந்த குரூப்" என்று சேருபவர்கள் தனி ரகம். முதல்நிலைத் தேர்வின் இரண்டாம் தாளில் 33 சதவீதம் எடுக்காவிட்டால் முதல் தாளில் எவ்வளவு எடுத்தாலும் பயனில்லை. அந்த இரண்டாம் தாளில் கணக்கு இருக்கிறது. கணக்குக்குப் பயந்து ஓடி வந்தவர்கள் சரியாக அங்கேதான் போய் மாட்டுகிறார்கள்.

அப்படியானால் இந்தப் படிப்பு வீணா? பத்தொன்பது வருடமாக இதைச் சொல்லிக்கொடுக்கிறவன் வீண் என்பேனா? அரசாங்கம் எப்படி நடக்கிறது என்பதை இவ்வளவு உள்ளே போய்ப் பார்க்கும் பாடம் வேறு இல்லை. சிக்கல் நாங்கள் நடத்தும் விதத்திலும் இருக்கிறது. 1937-இல் லூதர் குலிக் எழுதிய, நிர்வாகியின் வேலைகளைப் பட்டியலிடும் 'போஸ்ட்கார்ப்' சூத்திரத்தை என் மாணவர்கள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார்கள். பட்டா மாறுதல் மனு எந்த மேசையிலிருந்து எந்த மேசைக்குப் போகிறது என்றால் முழிப்பார்கள். அதனால் முதல் பருவத்திலேயே ஒரு வேலை கொடுத்துவிடுகிறேன்: 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, சொந்த ஊராட்சியைப் பற்றி ஒரு தகவல் உரிமை மனு. பதில் தர 30 நாள் கெடு. சிலருக்குப் பதில் வரும், சிலருக்கு வராது, மேல்முறையீடு செய்வார்கள். ஒரு மாணவி கேட்டது தெருவிளக்குச் செலவு. பதில் வருவதற்குள் விளக்கு எரிய ஆரம்பித்துவிட்டது. அன்று வகுப்பில் நான் பொறுப்புக்கூறல் பாடம் தனியாக நடத்தவில்லை.

சரி, சேரத்தான் போகிறீர்கள் என்றால் பணம் கட்டும் முன் கொஞ்சம் விசாரியுங்கள். தொலைநிலையில் படிப்பதாக இருந்தால் அந்த ஆண்டுக்கு, அந்தப் படிப்புக்கு யூ.ஜி.சி. அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். "பல்கலைக்கழகத்துக்கு அனுமதி இருக்கு" என்ற பதிலோடு திரும்பாதீர்கள். பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டிக் குதித்து வாங்கும் பட்டம் தமிழக அரசு வேலைக்குச் செல்லாது. பட்டத்தின் பெயரில் 'மேலாண்மை', 'வளர்ச்சி' என்று ஏதாவது வால் ஒட்டியிருந்தால் அதற்கு இணைத்தன்மை அரசாணை, அதாவது அது பொது நிர்வாகப் பட்டத்துக்குச் சமம் என்று சொல்லும் அரசாணை, இருக்கிறதா என்று கேளுங்கள். ஆசிரியராகும் ஆசை இருந்தால் இன்னும் கவனம். நம் பள்ளிகளில் அரசியல் அறிவியல் இருக்கிறது, பொது நிர்வாகம் என்று ஒரு பாடம் இல்லை. இதை வைத்து பி.எட். சேர முடியுமா என்பதை மூன்றாம் ஆண்டில் வந்து என்னிடம் கேட்டால் நான் என்ன செய்வேன்?

இன்னொன்று, இதை யாரும் சொல்வதில்லை. முதல் வகுப்பிலிருந்து தமிழ்வழியில் படித்த பிள்ளைகள் கல்லூரியில் மட்டும் கௌரவத்துக்காக ஆங்கிலவழி எடுத்துவிடுகிறார்கள். பட்டப்படிப்பைத் தகுதியாகக் கேட்கும் டி.என்.பி.எஸ்.சி. பதவிகளில் தமிழ்வழியினருக்கான 20 சதவீத ஒதுக்கீடு அந்த ஒரு டிக்கில் போய்விடும். தயவுசெய்து, கையெழுத்துப் போடும் முன் ஒரு ராத்திரி யோசியுங்கள் கண்ணுகளா.

கடைசியாக, சேர்க்கைக்கு வீடு வீடாகப் போகும் என் சக ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். துண்டறிக்கையில் சிவப்பு விளக்கு சுழலும் கார் படத்தைப் போடாதீர்கள். அந்த விளக்கை 2017-லேயே கழற்றிவிட்டார்கள்.