கிணற்றுக்குள் விளக்கு, படுக்கையறையில் சிலிண்டர்: வீட்டிலேயே கால்சியம் ரியாக்டர் செய்பவர்களுக்கு

பாளையங்கோட்டையில் ஒரு வீடு. காலை ஏழு மணிக்குப் போன் வந்தது. "அண்ணாச்சி, மீனெல்லாம் மேல வந்து வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கி. மோட்டார் எல்லாம் ஓடுது, தண்ணி நல்லாத்தான் அலையுது. என்னன்னு தெரியல." சொன்ன தம்பி ஒரு நொடி நிறுத்திவிட்டு, "எனக்கும் வீட்டுக்காரிக்கும் எந்திரிச்சதுல இருந்து தலை கிண்ணுனு இருக்கு, ஏசி ஒத்துக்கல போல" என்றார்.

தொட்டியைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. ஜன்னலையும் கதவையும் திறந்து போட்டுவிட்டு எல்லோரும் வெளியே வாருங்கள் என்றேன். அரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தேன். முந்தின நாள் சாயங்காலம்தான் படுக்கையறைத் தொட்டியின் கரியமில வாயு சிலிண்டரை மாற்றியிருக்கிறார். ரெகுலேட்டரை மாட்டும் இடத்தில் பழைய நைலான் வாஷரையே திரும்பப் போட்டிருந்தார். சோப்புத் தண்ணீர் தடவினால் நுரை பொங்கியது. சிலிண்டரை எடை போட்டோம். 5 கிலோ வாயுவில் ஏறக்குறைய 2 கிலோ ஒரே ராத்திரியில் போயிருந்தது.

கடல்நீர்த் தொட்டி பராமரிப்பு என் தொழில். கால்சியம் ரியாக்டரை வீட்டிலேயே செய்யலாமா என்று கேட்டு வருகிறவர்கள் குழாய், பசை, மோட்டார் பற்றித்தான் கேட்கிறார்கள். அதெல்லாம் சுலபம். சிலிண்டரை எங்கே வைப்பது என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

முதலில் இது என்ன சாதனம் என்று சொல்லிவிடுகிறேன். கல் பவளங்கள் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியத்தையும் கார்பனேட்டையும் எடுத்துத் தங்கள் எலும்புக்கூட்டைக் கட்டுகின்றன. கடலில் கால்சியம் லிட்டருக்கு 400 மில்லிகிராமுக்குச் சற்று மேலே இருக்கும், காரத்தன்மை, அதாவது கார்பனேட்டின் அளவு, ஏறக்குறைய 7 டிகேஎச் (அதை அளக்கும் அலகு). கடலுக்கு அது குறைவதே தெரியாது. முந்நூறு லிட்டர் தொட்டிக்கு இரண்டே நாளில் தெரியும். காரத்தன்மை 2.8 டிகேஎச் இறங்கினால் கூடவே கால்சியம் 20 மில்லிகிராம் இறங்கியிருக்கும். இந்த இரண்டையும் அதே விகிதத்தில் திருப்பித் தருவதுதான் ரியாக்டரின் வேலை. ஒரு குழாய்க்குள் அரகோனைட் என்னும் சுண்ணாம்புக் கல்லை நிரப்பி, தொட்டித் தண்ணீரைச் சுற்ற விட்டு, அதில் கரியமில வாயுவைக் குமிழ் குமிழாக விடுகிறோம். தண்ணீர் புளிப்பேறி பிஎச் 6.5, 6.7 அளவுக்கு இறங்கும்போது கல் கரைகிறது. அந்தத் தண்ணீர் சொட்டுச் சொட்டாகத் தொட்டிக்குப் போகிறது. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து சுண்ணாம்புப் பாறையைக் கரைத்துக் குகையாக்குவதும் இதே வேதியியல்தான்.

இனி அந்த வீட்டின் கணக்கு. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, பத்தடி உயரம். ஏறக்குறைய 34 கன மீட்டர் காற்று. ஒரு கிலோ கரியமில வாயு நம் ஊர்ச் சூட்டில் 550 லிட்டருக்கு மேல் விரியும். இரண்டு கிலோ என்றால் ஆயிரத்து நூறு லிட்டர், அதாவது அந்த அறையின் காற்றில் 3 சதவீதம். கதவிடுக்கு வழியாகக் கொஞ்சம் போயிருக்கும், அது அவர்கள் நல்ல நேரம். எட்டு மணி நேரம் வேலை செய்யும் இடத்துக்கு வைத்திருக்கும் வரம்பு அரை சதவீதம். 4 சதவீதத்தை உயிருக்கு உடனடி ஆபத்து என்றே குறித்திருக்கிறார்கள். 10 சதவீதத்தில் சில நிமிடங்களில் மயக்கம். அந்த சிலிண்டர் முழுவதும் காலியாகியிருந்தால் அறையில் 8 சதவீதம் வந்திருக்கும். தொட்டியின் பிஎச் அன்று காலை 7.4 வரை இறங்கியிருந்தது. மீன்களுக்கு ஆக்சிஜன் குறையவில்லை. தண்ணீரிலும் அறையிலும் கரியமில வாயு நிறைந்துவிட்டதால் உடம்பில் சேர்ந்ததை வெளியே விட முடியாமல் திணறின. கட்டிலில் படுத்திருந்த இரண்டு பேருக்கும் அதே கதைதான்.

என் தாத்தாவுக்கு நாங்குநேரி பக்கம் ஒரு கிணறு இருந்தது. தூர் எடுக்க ஆள் இறங்குவதற்கு முன் அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி உள்ளே இறக்குவார். விளக்கு அணைந்தால் யாரும் இறங்கக் கூடாது. வேப்பங்குழையைக் கட்டி இறக்கி, ஏற்றி, இறக்கி, அடிக்காற்றைக் கலக்கி விட்ட பிறகுதான் ஆள் இறங்குவான். பாழுங்கிணற்றில் இறங்கி, காப்பாற்றப் போனவரும் சேர்ந்து செத்த கதை நம் பக்கம் எல்லோருக்கும் தெரியும். அதே வாயு, காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், மணமும் இல்லை, நிறமும் இல்லை. அதைக் கட்டில் பக்கத்தில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டுத் தூங்குகிறோம். ஒரு எச்சரிக்கை: விளக்கு வைத்து அறையைச் சோதிக்க நினைக்காதீர்கள். சுடர் அணையும் அளவுக்கு வாயு ஏறுவதற்கு முன்பே ஆள் சுருண்டிருப்பான். இதற்கென்று விற்கும் கரியமில வாயு மீட்டரை முழங்கால் உயரத்தில் மாட்டுங்கள்.

தொட்டி ஏன் படுக்கையறைக்கு வந்தது? வெயில்தான் காரணம். பவளத் தொட்டி 25, 26 டிகிரியில் இருக்க வேண்டும். தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் விலை அதிகம், கரண்ட் பில்லும் அதிகம். எப்படியும் ராத்திரி ஏசி ஓடுகிறதே, அந்த அறையிலேயே வைத்துவிடலாம் என்று நம் ஆட்கள் கணக்குப் போடுகிறார்கள். கணக்கு சரிதான். ஆனால் ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. உள்ளே இருக்கும் அதே காற்றைத்தான் குளிர்வித்துச் சுற்ற விடுகிறது. ஏசி போட்டால் புதுக்காற்று வரும் என்று நம்புகிற படித்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கசிவே இல்லாவிட்டாலும் இந்த மூடிய அறை தொட்டியைப் பாதிக்கும். இரண்டு பேர் தூங்கும் அறையில் விடிவதற்குள் கரியமில வாயு வெளிக்காற்றைப் போல மூன்று நான்கு மடங்கு ஆகிவிடும். தொட்டி அதை உறிஞ்சிக்கொள்ளும். அதன்மேல் ரியாக்டரிலிருந்து புளித்த தண்ணீரும் சொட்டினால் காலையில் பிஎச் 7.7, 7.8 என்று நிற்கும். உடனே சுண்ணாம்பு போதவில்லை என்று குமிழைக் கூட்டுகிறார்கள், பிஎச் இன்னும் இறங்குகிறது. ஒரு டம்ளர் தொட்டித் தண்ணீரை மொட்டை மாடிக்குக் கொண்டுபோய் ஒரு மணி நேரம் காற்றுக் குழாய் போட்டுவிட்டு பிஎச் பாருங்கள். ஏறியிருந்தால் தொட்டியில் கோளாறு இல்லை, ஜன்னலைத் திறக்க வேண்டும்.

சிலிண்டருக்கு வருகிறேன். ஒரு தம்பி பழைய தீயணைப்பு சிலிண்டரைக் குறைந்த விலைக்கு வாங்கி வந்து காட்டினார். அதற்குள் அடிவரை ஒரு குழாய் போகும், தீயை அணைக்க வாயு வேகமாக வர வேண்டும் என்பதற்காக. நேராக நிறுத்தித் திறந்தால் வாயுவுக்குப் பதில் திரவம் ரெகுலேட்டருக்குள் பாயும். வேண்டவே வேண்டாம். சோடாக் கம்பெனிகளுக்கு வாயு நிரப்பித் தரும் இடத்தில் கேளுங்கள், சோதனை முத்திரை உள்ள சிலிண்டர் கிடைக்கும். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை தண்ணீர் அழுத்தச் சோதனை செய்த தேதி சிலிண்டரின் கழுத்தில் குத்தியிருக்க வேண்டும். அளவுக்கு மேல் நிரப்பச் சொல்லாதீர்கள். கரியமில வாயு 31 டிகிரிவரைதான் சிலிண்டருக்குள் திரவமாக நிற்கும். திருநெல்வேலியில் சித்திரை மாதம் அது காலை ஒன்பது மணிச் சூடு. அதற்கு மேல் வெயில் ஏற ஏற உள்ளே அழுத்தம் மளமளவென்று ஏறும், நிறைய அடைத்திருந்தால் இன்னும் வேகமாக. மொட்டை மாடித் தகரக் கூரையடியில் சிலிண்டர் வைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

ரெகுலேட்டர் முள்ளைப் பார்த்து எவ்வளவு மிச்சம் என்று சொல்ல முடியாது. உள்ளே திரவம் இருக்கும்வரை முள் வெயிலைத்தான் காட்டும், அளவைக் காட்டாது. தராசில் வைத்தால்தான் தெரியும். முழுக்கக் காலியாகும்வரை காத்திருப்பதும் தப்பு. விலை குறைந்த ஒற்றைக் கட்ட ரெகுலேட்டரில், சிலிண்டர் அழுத்தம் விழும்போது வெளியே வரும் அழுத்தம் கூடும், மிச்ச வாயு மொத்தமும் ஒரேயடியாகக் கொட்டிவிடும்.

அப்புறம் கரண்ட். வண்ணார்பேட்டையில் ஒரு வீட்டில் வாயுவைத் திறந்து மூடும் சோலனாய்டு வால்வை இன்வெர்ட்டர் பிளக்கில் மாட்டியிருந்தார்கள், ரியாக்டரின் சுற்று மோட்டாரை மெயின் கரண்டில். மாதாந்திரப் பராமரிப்புக்கு ஐந்து மணி நேரம் கரண்ட் நின்றபோது மோட்டார் நின்றது, வாயு நிற்கவில்லை. குழாய்க்குள் இருந்த தண்ணீரைத் தள்ளிவிட்டு வாயு நேராகத் தொட்டிக்குப் போனது. யாருக்கும் எதுவும் ஆகவில்லை, இரண்டு இறால் மட்டும் போய்விட்டன. சோலனாய்டும் மோட்டாரும் ஒரே பிளக்கில் இருக்க வேண்டும். கரண்ட் நின்றால் தானாக மூடிக்கொள்ளும் வகை சோலனாய்டாகவும் இருக்க வேண்டும். உப்புத் தண்ணீர் புழங்கும் இடம் என்பதால் 30 மில்லியாம்பியர் மின்கசிவில் துண்டிக்கும் பிரேக்கர் இல்லாத வீட்டில் நான் கையே வைப்பதில்லை.

சரி, குழாய். குடிநீர் ஃபில்டருக்கு வரும் இருபது இஞ்ச் கூடு இருந்தாலே சின்னத் தொட்டிக்குப் போதும், அழுத்தம் தாங்கும்படி செய்தது. பிவிசி குழாய்தான் வேண்டும் என்றால் அழுத்தம் எழுதியிருக்கும் போர்வெல் வகையை வாங்குங்கள். கழிவுநீர்க் குழாய் அழுத்தத்துக்குச் செய்ததே இல்லை. சொட்டும் வால்வில் சுண்ணாம்பு படிந்து அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறும், அப்போது மூடி தெறிக்கும். பசை போட்ட பிறகு ஒரு நாள் முழுக்கக் காய விட்டு, வெறும் தண்ணீர் ஓட்டிப் பார்த்துவிட்டு வாயுவைத் திறங்கள். தண்ணீர் படும் இடத்தில் பித்தளை வேண்டாம். அதிலிருந்து வரும் செம்பு பவளத்துக்கும் இறாலுக்கும் விஷம். வாயுப் பக்கம் பித்தளை இருக்கலாம், ஆனால் நடுவில் தண்ணீர் திரும்பாமல் தடுக்கும் வால்வு வேண்டும். மீன் தொட்டிக்கு விற்கும் மெல்லிய சிலிகான் குழாய் வழியாகக் கரியமில வாயு கசிந்துகொண்டே இருக்கும், பாலியூரிதேன் குழாய் கேட்டு வாங்குங்கள். குமிழை நிமிடத்துக்குப் பத்து பதினைந்தில் தொடங்கி வாரக் கணக்கில் மெதுவாகக் கூட்டுவதுதான் என் பழக்கம்.

இனி, உள்ளே போடும் கல். இதைப் பற்றித்தான் என்னிடம் ரகசியமாகப் பேசுவார்கள். "தூத்துக்குடி பக்கம் கரையில கெடக்கே, ஒரு மூட்டை அள்ளிட்டு வந்தா என்ன?" கரையில் கிடக்கும் செத்த பவளத் துண்டும் பவளம்தான். கல் பவளங்கள் எல்லாம் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, புலி இருக்கும் அதே அட்டவணை. மூன்று முதல் ஏழு ஆண்டு சிறை. சட்டத்தை விடுங்கள், மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகப் பல காலம் பவளத்தைத் தோண்டி எடுத்ததில் 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி இரண்டும் கடலுக்கு அடியில் போய்விட்டன. தொட்டியில் பவளம் வளர்க்க அந்தக் கடலிலிருந்தே பவளம் எடுப்பதை எந்தக் கணக்கிலும் என்னால் சேர்க்க முடியவில்லை. உயிர்ப் பவளத்துக்கும் இதே பேச்சுதான். வளர்ப்புப் பண்ணையிலிருந்து முறையான இறக்குமதித் தாளோடு வந்தது என்று காட்டாத தொட்டியை நான் பராமரிப்பதில்லை, இதனால் இழந்த வாடிக்கை கொஞ்சமல்ல.

தாழையூத்துச் சுண்ணாம்புக் கல்லை உடைத்துப் போட்டால் ஆகாதா என்று ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. அது கால்சைட் வகை. அரகோனைட்டைவிடக் கடினமாகக் கரையும், பிஎச்சை இன்னும் இறக்க வேண்டும், அதாவது இன்னும் வாயு. பாஸ்பேட் எவ்வளவு இருக்கும் என்பதும் கல்லுக்குக் கல் மாறும். பையில் அடைத்து விற்கும் அரகோனைட்டே மேல்.

உண்மையில் என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு ரியாக்டரே தேவையில்லை. நான்கு நாள் எதுவும் ஊற்றாமல் காரத்தன்மையை அளந்து பாருங்கள். நாளுக்கு ஒரு டிகேஎச்கூட இறங்கவில்லை என்றால் இரண்டு பாட்டில் போதும், ஒன்றில் கால்சியம் குளோரைடு கரைசல், இன்னொன்றில் நம் ஆப்ப சோடா கரைசல். தனித்தனியாக, ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடைவெளி விட்டு ஊற்ற வேண்டும். மூடிய அறை என்றால் அதைவிட நல்லது தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீர். ஆவியாகும் தண்ணீருக்குப் பதிலாக ராத்திரியில் சொட்ட விட்டால் கால்சியமும் தரும், கரியமில வாயுவையும் பிடித்துக்கொள்ளும், பிஎச் ஏறும். வெற்றிலைச் சுண்ணாம்பு வேண்டாம், உணவுத் தரக் கால்சியம் ஹைட்ராக்சைடு வாங்குங்கள். அதன் பிஎச் 12க்கு மேல், வேகமாக ஊற்றினால் தொட்டி ஒரே நாளில் முடிந்துவிடும், கையிலும் கண்ணிலும் படக் கூடாது.

பாளையங்கோட்டைத் தம்பியிடமும் இதைத்தான் சொன்னேன். அவருக்கு ரியாக்டர்தான் வேண்டும் என்றார், அவர் தொட்டிக்குத் தேவையும் இருந்தது. சிலிண்டரை வடக்குப் பக்க பால்கனி நிழலில் சங்கிலி போட்டுச் சுவரோடு கட்டினோம். சுவரில் துளை போட்டு மெல்லிய குழாய் மட்டும் உள்ளே வருகிறது. வாஷரை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடுகிறார். முழங்கால் உயரத்தில் மீட்டர் இருக்கிறது. அடுத்த கரண்ட் பராமரிப்பு நாள் காலை ஒன்பதே காலுக்கு அவரே போன் பண்ணினார்: "அண்ணாச்சி, கரண்ட் போச்சு. குமிழும் நின்னுட்டு."