லாந்தனம் குப்ரேட்டில் துளைகள்: மாசூட்டலைக் கணினியில் கணக்கிடுவது ஏன் இவ்வளவு கடினம்?

லாந்தனம், தாமிரம், ஆக்சிஜன் சேர்ந்த பொருளான லாந்தனம் குப்ரேட் தூய நிலையில் மின்சாரத்தைக் கடத்தாது. லாந்தனம் அயனிகள் சிலவற்றின் இடத்தில் ஸ்ட்ரான்சியத்தை வைத்தால் (இதுதான் மாசூட்டல்), தாமிர-ஆக்சிஜன் தளத்தில் ஸ்ட்ரான்சியம் ஒன்றுக்கு ஓர் எலக்ட்ரான் குறையும். அந்தக் குறைவைத்தான் துளை என்கிறோம். தாமிர அணுவுக்கு ஏறத்தாழ 0.05 துளை சேர்ந்ததும் மீக்கடத்தல் (மின்தடையே இல்லாமல் மின்சாரம் பாயும் நிலை) தலைகாட்டும், 0.15-க்கு அருகே அது தொடங்கும் வெப்பநிலை 38 கெல்வினைத் தொடும், 0.27 வாக்கில் மீக்கடத்தல் மறைந்துவிடும். 1986-இல் இயற்பியலாளர்கள் பெட்நோர்ஸும் முல்லரும் சூரிக்கில் பேரியம் சேர்த்துக் கண்டது இதன் உடன்பிறப்பை.

கணினியில் இதைச் செய்ய, முதலில் 56 அணுக்கள் கொண்ட ஒரு பெட்டியை எடுக்கலாம். அதிலுள்ள 16 லாந்தனத்தில் ஒன்றை மாற்றினால் துளை அளவு 0.125. ஆனால் எலக்ட்ரான் அடர்த்தியை வைத்து ஆற்றலைக் கணிக்கும் வழக்கமான அடர்த்திச் சார்பியக் கணக்கு, மாசூட்டாத பொருளையே உலோகம் என்று சொல்லிவிடும். ஒரே தாமிரத்தில் இரண்டு எலக்ட்ரான்கள் சேரும்போது எழும் கடும் விலக்கத்தை அது சராசரியாக்கிவிடுவதே காரணம். விலக்கத்தைத் தனியாகச் சேர்த்தால் கடத்தாநிலை திரும்பும். பெட்டி திரும்பத் திரும்ப அடுக்கப்படுவதால் இன்னொரு பிழையும் நுழைகிறது: உண்மையில் தாறுமாறாகக் கிடக்கும் ஸ்ட்ரான்சியம், கணக்கில் வரிசைகட்டி நிற்கும். எனவே பல அமைப்புகளைக் கணக்கிட்டுச் சராசரி எடுக்க வேண்டும்.

மீக்கடத்தலைப் பிடிக்க ஹப்பார்ட் மாதிரி வேண்டும். இந்த எளிய மாதிரியில் தாமிர அணு ஒவ்வொன்றும் ஒரு கட்டம்; எலக்ட்ரான்கள் கட்டங்களுக்கிடையே தாவும், ஒரே கட்டத்தில் இரண்டு சேர்ந்தால் விலக்கிக்கொள்ளும். விலக்கம், எலக்ட்ரான் பக்கத்துக் கட்டத்துக்குத் தாவும் ஆற்றலைப் போல் சுமார் 8 மடங்கு. 4×4 கட்டத்தில் 14 எலக்ட்ரான்களை மேல் சுழற்சி 7, கீழ் சுழற்சி 7 (சுழற்சி என்பது எலக்ட்ரானின் இருதிசைக் காந்தப் பண்பு) என வைத்தால் 13 கோடிக்கும் அதிகமான நிலைகள். நிலை ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் தரும் அலைச்சார்பு ஒன்றைச் சேமிக்கவே 1 ஜிபி. 6×6 கட்டத்தில் 32 எலக்ட்ரான்கள் என்றால் 5-க்குப் பின் 19 சுழியங்கள். நேரடியாகத் தீர்க்க வழியே இல்லை.

மான்டே கார்லோ மாதிரியெடுப்பு அடுத்த வழி: எல்லாவற்றையும் கணக்கிடாமல், எடைக்கேற்பத் தற்செயலாகச் சிலவற்றை மட்டும் எடுப்பது. துளையே இல்லாமல், பக்கத்துக் கட்டத் தாவல் மட்டும் இருந்தால், எல்லா எடைகளும் நேர்க்குறியிலேயே இருக்கும். துளை நுழைந்ததும் எதிர்க்குறி எடைகள் வந்து நேர்க்குறியை அடித்துக்கொள்கின்றன. சராசரிக் குறி 0.01 ஆகச் சுருங்கினால் 10,000 மடங்கு மாதிரிகள் தேவை. குளிர்விக்கக் குளிர்விக்க, கட்டம் பெரிதாகப் பெரிதாக, அந்தச் சராசரி அதிவேகமாகச் சரிகிறது. நாம் பார்க்க விரும்பும் இடமும் அதுவே!

அதனால் கட்டத்தை நீள உருளையாகச் சுருட்டி, முக்கியமான நிலைகளை மட்டும் வைத்துக்கொள்ளும் அடர்த்தி அணி முறையைக் கையாளுகிறார்கள். சுற்றளவு 4, 6, 8 கட்டங்கள். 2017-இல் பல முறைகள் ஒத்துச் சொன்ன விடை: 1/8 துளையில் மின்னூட்டம் பட்டைபட்டையாகப் பிரிகிறது, பட்டைகளின் இடைவெளி சுமார் 8 கட்டம். 4×4-இல் அது அடங்கவே அடங்காது. சிறு கட்ட முடிவுகளை நம்பக்கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். போட்டியிடும் நிலைகளின் ஆற்றல் வேறுபாடோ, கட்டத்துக்குத் தாவல் ஆற்றலில் நூற்றில் ஒரு பங்கு அளவே. எல்லையைச் சற்று மாற்றினாலும் வெற்றியாளர் மாறிவிடலாம்.

2020-இல், பக்கத்துக் கட்டத் தாவல் மட்டுமுள்ள தூய ஹப்பார்ட் மாதிரியில் மீக்கடத்தல் தென்படவில்லை. 2024-இல் மூலைவிட்டத் தாவலையும் சேர்த்தபோது, பட்டைகளோடு சேர்ந்தே அது தோன்றியது.